கொட்டாவி விடக்கூடாத வார்டு

பேய்க்கதை கேட்டால் எனக்குப் பயம் வராது, எரிச்சல்தான் வரும். நான் நர்ஸ். எத்தனையோ பேருடைய கண்களை என் கையால் மூடியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட, கட்டிலுக்கடியில் விட்டுப்போன செருப்பை எடுக்கவாவது திரும்பி வந்ததில்லை. செத்தவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டு, கூட வேலை பார்க்கிற பெண்களின் வாயை அடைத்துவிடுவேன். இப்போதெல்லாம் அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

என்னை இதய வார்டுக்கு மாற்றியபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில் மேல்மாடி அது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படியேறி, நீளமான வராந்தாவைக் கடந்தால் பச்சை வர்ணம் உரிந்த இரட்டைக் கதவு. உள்ளே ஆறு கட்டில்கள். ஈரத் துடைப்பம், ஸ்பிரிட், துவைத்து முழுதாகக் காயாத விரிப்பு, எல்லாம் கலந்த ஒரு வாசனை. மானிட்டர்களின் சத்தம் தவிர வேறு அரவம் இல்லை. பகலிலும் விளக்கைப் போட்டால்தான் மருந்துப் புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க முடியும்.

ஐந்தாம் கட்டில் மூலையில், ஜன்னலை ஒட்டி இருந்தது. அதில் ஆள் இல்லை. விரிப்பு மட்டும் ஒரு சுருக்கம் இல்லாமல் விரிக்கப்பட்டிருந்தது. பக்கத்துச் சின்ன மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளர், விளிம்புவரை தண்ணீர்.

வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் ‘பெரிய சிஸ்டர்’ என்பார்கள். ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். முதல்நாளே என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“இங்க ஒரு விதி இருக்கு. வார்டுக்குள்ள யாரும் கொட்டாவி விடக்கூடாது.”

“வந்தா என்ன சிஸ்டர் பண்றது? முழுங்கணுமா?”

“வராந்தாவுக்குப் போய் விட்டுட்டு வா.”

“அந்த டம்ளர் யாருக்கு?”

“தினம் நிரப்பி வை. யாருக்குன்னு கேட்காத.”

கேட்காதே என்று சொன்னால் கேட்காமல் இருக்கிற ஜாதி இல்லை நான். ஒருநாள் மத்தியானம் பஞ்சுத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது பெரிய சிஸ்டரை நச்சரித்துக் கதையை வாங்கிவிட்டேன். அவர் கையிலிருந்த துணியைப் பார்த்தபடியே சொன்னார்.

“டைல்ஸ் பதிக்கிற ஆளு. நாள் பூரா முட்டி போட்டு வேலை. நெஞ்சை அடைக்குதுன்னு வந்தாரு. இ.சி.ஜி. பார்த்தா இதய அடைப்பு மாதிரியே இருந்துச்சு. அதுக்கு உண்டான மருந்தெல்லாம் குடுத்தோம். வந்ததுலேர்ந்து அவருக்கு ஒரே கொட்டாவி. ஒரே தாகம். தண்ணி, தண்ணின்னாரு. பரிசோதனைக்கு வெறும் வயித்தோட இருக்கணுமேன்னு குடுக்கல.”

“அப்புறம்?”

“நாடி கண்டபடி ஓடுச்சு. குறைக்கிறதுக்கு ஊசி போட்டோம். குறைஞ்சுது. எல்லாருக்கும் நிம்மதி. நான்தான் வெளிய போய் அவர் சம்சாரத்துக்கிட்ட இனிமே பயமில்லம்மான்னு சொன்னேன். சொல்லிட்டுத் திரும்புறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

அவர் இன்னொரு துணியை எடுத்து மடித்தார்.

“அறுத்துப் பார்த்தப்போ இதயத்துல அடைப்பே இல்ல. முட்டி வலிக்குத் தின்ன மாத்திரை வயித்தைப் புண்ணாக்கி, உள்ளுக்குள்ளயே ரத்தம் போயிருக்கு. குடல் பூரா ரத்தம். அதுலேர்ந்து, இந்த வார்டுல யாருக்காவது உள்ள ரத்தம் போனா அந்த மூலையிலேர்ந்து கொட்டாவிச் சத்தம் கேட்கும். டம்ளரும் காலியாகும். நம்ம கொட்டாவி எது, அவரோடது எதுன்னு குழம்பிடக் கூடாது பாரு. அதான் விதி.”

“அப்போ நல்லா டியூட்டி பார்க்கிறாருன்னு சொல்லுங்க” என்றேன். “நம்ம லிஃப்டைவிட எவ்வளவோ பரவாயில்ல.”

பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. அன்று முதல் டம்ளரை நிரப்பும்போதெல்லாம் எனக்குள் சிரித்துக்கொள்வேன். ஆயா யாரோ குடித்துவிட்டுப் போகிறாள் என்பது என் தீர்மானம்.

என் அத்தானை அந்த வார்டுக்குக் கொண்டுவந்த நாளில் பெரிய சிஸ்டர் விடுப்பில் இருந்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். அப்பா போன பிறகு என்னை நர்ஸிங் படிப்பில் சேர்க்க ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியவர் அவர்தான். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டமாட்டார். சொல்லிக் காட்ட வேறு ஆயிரம் விஷயம் அவரிடம் இருக்கும். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ‘வாயாடி’தான். விளையாட்டுக்காரர் உடம்பு என்பதால் அவர் நாடி நிதானமாக அடிக்கும். “என் நெஞ்சு ஆமை, உன் வாய் முயல்” என்று மணிக்கட்டை நீட்டுவார். எங்கள் வீட்டில் அது பழைய நகைச்சுவை.

ஓடி ஓடி அவருக்கு முட்டி தேய்ந்திருந்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் மைதானத்துக்கே போவார். நாள் முழுக்க நிற்கிற வேலையில் எனக்குக் குதிகால் வலி. அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு மாத்திரை டப்பா உண்டு. அதற்குள் அவர் கையும் என் கையும்தான் மாறி மாறிப் போகும். “ரெண்டும் மிட்டாய் மாதிரி திங்குதுங்க” என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று காலையிலிருந்து நல்ல மழை. பள்ளிக்கூட மாடிப்படியில் ஏறும்போது நெஞ்சை இறுக்கிப் பிடித்து, வியர்த்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். கீழே அவசரப் பிரிவில் இ.சி.ஜி. எடுத்தார்கள், இதய அடைப்பு என்றார்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்கள். அடைப்பைப் படம் பிடித்துப் பார்க்கிற அறையில் வேறொரு நோயாளி இருந்ததால், முறை வரும்வரை மேலே எங்கள் வார்டில் வைக்கச் சொன்னார்கள். தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது.

சக்கர நாற்காலியில் வந்தவரைக் கதவருகே போய் நானே தள்ளிவந்தேன். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“ஒண்ணுமில்ல வாயாடி, சும்மா மூச்சு வாங்குச்சு. உங்கக்காதான் ஊரைக் கூட்டிட்டா.”

அக்கா கதவுக்கு வெளியே நின்றாள். அவர் கழுத்தில் எப்போதும் தொங்கும் விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்திருந்தார்கள். அதன் கயிற்றை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். “பார்த்துக்கோடி” என்றாள்.

காலியாக இருந்தது ஐந்தாம் கட்டில் மட்டும்தான். “ஏன் தயங்குறீங்க, கட்டில்ல ஏதாவது கோளாறா?” என்று டியூட்டி டாக்டர் கேட்டார். நானே விரிப்பை மாற்றி, அத்தானைப் படுக்கவைத்தேன்.

மானிட்டரை மாட்டினேன். ஆமை முயலாகியிருந்தது. ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறைவு. டியூட்டி டாக்டர் நிதானமான மனிதர், வேலை தெரிந்தவர். திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இதயம் இவ்வளவு வேகமா ஓடினா அதுக்குத்தான் கஷ்டம். கொஞ்ச நேரம் பார்ப்போம். குறையலைன்னா ஊசி போட்டு வேகத்தைக் குறைச்சிடலாம்.”

சரியான பேச்சுதான். அடைப்பு உள்ளவர்களுக்கு அப்படித்தான் செய்வோம்.

அவர் போனதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி மருந்து பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு கொட்டாவி கேட்டது. நீளமான, வறண்ட கொட்டாவி. தாடை விரிந்து, மூச்சை எவ்வளவு இழுத்தும் போதாமல் பாதியில் நிற்கிற சத்தம்.

“அத்தான், இங்க கொட்டாவி விடக்கூடாது. விதி.”

“நான் விடலையே.”

“அப்போ நானா விட்டேன்?”

“நீ வாயைத் திறந்தா பேச்சுதானே வரும்.”

இந்த நிலைமையிலும் கிண்டலா என்று எனக்கு மனசு லேசாகிவிட்டது. பெரிய சிஸ்டர் சொன்ன கதை அப்போது நினைவுக்கு வரத்தான் செய்தது. வந்ததை நான்தான் விரட்டினேன். இருபத்திநாலு மணி நேரமும் என்னைக் கிண்டல் செய்கிற மனிதர், செய்துவிட்டு இல்லை என்று சாதிக்கிற மனிதர். வேறு எவர் சொல்லியிருந்தாலும் நான் நின்று யோசித்திருப்பேன்.

அடுத்து டம்ளரைப் பார்த்தேன். காலி.

“தண்ணி குடிச்சீங்களா?”

“இல்லடி. ஆனா நாக்கு ஒட்டுது. ஒரு வாய் குடேன்.”

“குடிச்சிட்டுப் பொய் வேற. டாக்டர்கிட்ட திட்டு வாங்கப் போறது நான்.”

டம்ளரை எடுத்துக் கழுவி, விதியை மீற மனமில்லாமல் மறுபடி நிரப்பி, அவர் கைக்கு எட்டாத ஜன்னல் விளிம்பில் வைத்தேன். மூச்சு வாங்குவதைப் பார்த்து ஆக்ஸிஜன் முகமூடியையும் மாட்டிவிட்டேன். அவர் கண் மூடினார். மழை வலுத்தது. மற்ற நோயாளிகள் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள். பார்வையாளர் நேரம் முடிந்து வராந்தாவிலும் அக்காவைத் தவிர ஆளில்லை.

மற்ற கட்டில்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்தபோது டம்ளர் மறுபடியும் காலியாக இருந்தது.

அத்தானால் எழுந்திருக்கவே முடியாது. மார்பில் மூன்று வயர், ஒரு கையில் ஊசிக் குழாய். டம்ளரின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமே இல்லை. ரொம்ப நாளாகக் காய்ந்து கிடந்ததுபோல் இருந்தது.

காற்றில் ஒரு வாசனை வந்தது. நனைந்த இரும்பு வாசனை.

அப்போது மறுபடியும் அந்தக் கொட்டாவி.

அத்தானைப் பார்த்தேன். முகமூடிக்குள் அவர் உதடுகள் ஒட்டி மூடியிருந்தன.

கொட்டாவி இன்னும் முடியவில்லை.

அது தலையணைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் தலைக்கு அருகில், இன்னொரு தலை இருக்க வேண்டிய இடத்திலிருந்து.

ஓடிப்போய்விடலாமா என்று தோன்றியது. நர்ஸுக்குப் பயம் வந்தால் கை தானாக ஒரு வேலையைத் தேடும். விரிப்புக்குள் கையை விட்டு அத்தானின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

மணிக்கட்டு பனிக்கட்டியாக இருந்தது. மேலெல்லாம் பிசுபிசுத்த வியர்வை. நாடி நூல் மாதிரி மெலிந்து, தையல் மெஷின் ஓடுகிற வேகத்தில் ஓடியது. எண்ண முடியவில்லை. “அத்தான்” என்றேன். அவர் விழிக்கவில்லை.

பிறகு நாடி குறையத் தொடங்கியது.

கொஞ்சம் கொஞ்சமாக வேகம் இறங்கி, ஒரு நல்ல உடம்பின் நாடி மாதிரி நிதானத்துக்கு வந்தது. அப்பாடா என்று எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அக்காவிடம் போய்ச் சொல்லலாம் என்றுகூட நினைத்துவிட்டேன், இனிமே பயமில்லை என்று.

அந்த வார்த்தைகள் யாருடையவை என்பது அப்போதுதான் உறைத்தது.

நாடி இன்னும் குறைந்தது.

ஒரு துடிப்பு. வெகு நேரம் கழித்து இன்னொன்று.

நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். அதில் அத்தானின் இதயம் அதே பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பார்வையைக் கீழே இறக்கினேன். அத்தானின் இரண்டு கைகளும் விரிப்புக்கு மேலே, மார்பின்மீது இருந்தன. ஒன்றில் ஊசிக் குழாய். மற்றதில் விரல் கிளிப்.

விரிப்புக்குள் நான் பிடித்திருந்த கை கடைசியாக ஒருமுறை துடித்தது.

பிறகு துடிக்கவில்லை.

அந்தக் கை என் விரல்களை ஒருதரம் மெதுவாக அழுத்திவிட்டு விலகியது. உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது. சிமெண்டில் வேலை செய்கிறவர்களின் கை அப்படித்தான் இருக்கும். விரிப்பை உதறித் தூக்கினேன். உள்ளே அத்தானின் கால்கள் தவிர ஒன்றும் இல்லை. அவர் பக்கத்தில் மெத்தை மட்டும் ஓர் ஆள் படுத்த அளவுக்குக் குழிந்திருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது மேலெழும்பிச் சமமானது.

அத்தானின் நிஜமான கையைப் பிடித்தேன். அதே குளிர். அதே பிசுபிசுப்பு. அதே தையல் மெஷின். அந்தக் கை காட்டிய ஓட்டத்தின் முதல் பாதியில் இருந்தார் அவர்.

கதவு திறந்தது. டியூட்டி டாக்டர் தட்டில் ஊசி மருந்தோடு வந்தார்.

“இன்னும் குறையலையே. போட்டுடலாம்.”

“போடாதீங்க டாக்டர்.”

“ஏன்?”

“குறையக்கூடாது. அது ஓடட்டும்.” என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “இவருக்கு உள்ள ரத்தம் போகுது.”

வேறொருவராக இருந்தால் என்னை வெளியே போகச் சொல்லியிருப்பார். இவர் என் முகத்தைப் பார்த்தார், காலி டம்ளரைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு அத்தானின் கண்ணிமையைக் கீழே இழுத்தார். உள்ளே காகிதம்போல் வெளுத்திருந்தது.

“ரத்த அளவு சரியாத்தானே வந்திருக்கு...” என்று தனக்குள் முனகினார். உடனே அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். “போக ஆரம்பிச்ச உடனே எடுத்தா அப்படித்தான் காட்டும்.” பிறகு அத்தானைத் தட்டி எழுப்பினார். “மாஸ்டர், முட்டி வலிக்கு மாத்திரை சாப்பிடுவீங்களா? மலம் கறுப்பா போச்சா?”

அத்தான் கண் திறந்தார். டாக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. உலகத்தில் எதை வேண்டுமானாலும் என்னிடம் கிண்டலாகப் பேசுகிற மனிதர், இந்த ஒன்றைக் கொழுந்தியாள் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு உயிரை விடத் தயாராக இருந்தார். நான் கட்டிலைச் சுற்றிய துணித்திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

“மூணு நாளா, டாக்டர்” என்று மெல்லிய குரல் கேட்டது. “தார் மாதிரி. வீட்ல சொன்னா இவகிட்ட சொல்லிடுவாளேன்னு...”

அங்கேயே, திரையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதேன்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம்தான். ரத்தத்தை உறையவிடாத மருந்தை நிறுத்தி, அதை முறிக்கிற மருந்து கொடுத்தார்கள். ரத்தப் பைகள் வந்தன. வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பைப் புண்ணில் ஒரு ரத்தக்குழாய் திறந்து கிடந்தது, அதை அங்கேயே அடைத்தார்கள். அடுத்த நாள் காலை திரையில் ஆமை திரும்பியிருந்தது. இ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. பிறகு நிதானமாக இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்ததில் அடைப்பு என்று ஒன்றும் இல்லை.

“அப்போ எப்படி டாக்டர் இதய அடைப்பு மாதிரியே காட்டுச்சு?” என்று அக்கா வராந்தாவில் கேட்டாள்.

“இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புது இல்லையாம்மா, அதுக்கும் ரத்தம் வேணும். அதைத் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுல ஓய்வா இருக்கிற நேரத்துலதான் பெரும்பாலும் எடுத்துக்கும். ரத்தம் குறைஞ்சா, இருக்கிறதைச் சுத்திவிடணும்னு வேகமா ஓடும். ஓட ஓட அந்த ஓய்வு குறையும், அழுத்தமும் இருக்காது. ஊருக்கே சோறு போடுற இதயம், தான் பட்டினி கிடக்கும். பட்டினி கிடந்தா வலிக்கும். அடைப்பு வந்தா வலிக்கிற மாதிரியே.”

“நான் சமையல்கட்டுல நிக்கிற மாதிரி” என்றாள் அக்கா. “எல்லாருக்கும் போட்டுட்டு நடுவுல ஒரு வாய்.”

“அதேதான். அந்த நேரத்துல வேகத்தைக் குறைக்க ஊசி போட்டா, கடைசியா கைகொடுத்துட்டு இருந்ததையும் பிடுங்கின மாதிரி. ஊசியே போடாட்டியும் ஒரு கட்டத்துல தானா குறையும். பார்க்கிறவங்களுக்கு நல்லாயிடுச்சுன்னு தோணும். அப்போ இதயத்துக்கே ஒண்ணும் மிச்சமில்லன்னு அர்த்தம்.” அவர் என் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கை பார்த்தேன் டாக்டர்” என்றேன். பொய் இல்லை.

அத்தானை வேறு வார்டுக்கு மாற்றிய அன்று, டம்ளரை நிரப்பி ஐந்தாம் கட்டில் பக்கத்தில் வைத்தேன். “குடிங்க” என்று சொன்னேன். சிரிப்பு வரவில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு வாய் தண்ணீர் கிடைக்காமல் போன மனிதர். தினமும் இனி நானே உங்களுக்கு வைக்கிறேன் என்றும் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் டம்ளர் நிரம்பியே இருந்தது. அதற்கு மறுநாளும். வாரங்கள் போயின. தண்ணீரில் தூசி படிந்ததே தவிர ஒரு சொட்டு குறையவில்லை. ஒருமுறை மூன்றாம் கட்டில்காரருக்குக் குடலில் ரத்தம் போனது. அந்த மூலை சத்தமே போடவில்லை.

“அவர் போயிட்டாரு போல” என்றார் பெரிய சிஸ்டர். முதல்முறையாக அந்த வார்டில், என் கண் முன்னாலேயே, வாய் நிறையக் கொட்டாவி விட்டார்.

எனக்கு என்னவோ ஊரிலிருந்து உறவுக்காரர் கிளம்பிப் போனதுபோல் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. இரண்டாவது மாடி. படியேறி வாசலில் நின்று மூச்சு வாங்கினேன். “வயசாயிடுச்சு வாயாடிக்கு” என்று அத்தான் கதவைத் திறந்தார். கன்னத்தில் பழைய நிறம் வந்திருந்தது. விசில் மறுபடி கழுத்தில் தொங்கியது. ஃபிரிட்ஜ் மேலிருந்த மாத்திரை டப்பாவை அக்கா எப்போதோ தூக்கிப் போட்டிருந்தாள். என் குதிகாலுக்கென்று கைப்பையில் ஒரு மாத்திரை அட்டை வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது.

சாப்பாட்டு மேசையில் நாலு நாற்காலி. நாங்கள் மூன்று பேர். பழக்க தோஷத்தில் நாலு டம்ளரில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். “யாருக்குடி நாலாவது?” என்று அக்கா சிரித்தாள். வெளியே வெயில் நன்றாக அடித்தது. பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோ வைத்திருந்தார்கள். அத்தான் ஏதோ சொல்ல, நானும் பதிலுக்குக் கொடுக்க, பழையபடி வீடு கலகலத்தது.

நடுவில் ஒரு கொட்டாவி கேட்டது.

நீளமாக. வறண்டு. போதாமல் பாதியில் நின்றது.

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் கையில் சோறோடு அப்படியே இருந்தார்.

“நான் விடலடி” என்றார். இந்தமுறை அவர் முகத்தில் கிண்டல் இல்லை.

நாலாவது டம்ளரைப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

அத்தானின் இடது மணிக்கட்டை எடுத்தேன். சூடாக இருந்தது. ஆமை, நிதானமான நல்ல ஆமை. விட்டுவிட்டு அக்காவின் கையைப் பிடித்தேன். அதுவும் நிறைவான நாடி, ஒரு குறையும் இல்லை. எனக்கு அப்படியொரு நிம்மதி. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

“என்னடி இது?” அக்கா என் விரல்களைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். “உன் கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?”

எனக்குத் தாகமாக இருந்தது. காலையிலிருந்தே தாகமாகத்தான் இருந்தது.

அக்காவின் இரண்டு கைகளும் என் வலது கையைப் பிடித்திருந்தன. அத்தானின் கைகள் இரண்டும் மேசைக்கு மேலே இருந்தன. என் இடது கை மடியில் கிடந்தது.

மேசைக்கு அடியில், சொரசொரப்பான மூன்று விரல்கள் என் இடது மணிக்கட்டில் வந்து மெதுவாகப் பதிந்தன. நாங்கள் நாடி பார்க்கப் பதிக்கிற அதே இடத்தில்.